தரங்கம்பாடியில் மூன்று நாள்: ஒரு நிகழ்வு ஆய்வு

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பத்து மா (மூன்று ஏக்கர் சொச்சம்) நிலம், இரண்டு கறவை மாடு, ஓட்டு வீடு. கணவருக்கு வயது 50, மனைவிக்கு 43. மகன் பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம், மகள் ஒன்பதாம் வகுப்பு. என்னிடம் மனநல ஆலோசனைக்கு வந்த இவர்களைப் பற்றி எழுத நால்வரிடமும் சம்மதம் வாங்கியிருக்கிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் செய்த தவறுகளை மாற்றவில்லை.

அந்த அம்மாவை முதல் நாள் அழைத்து வந்தது மகள்தான். கார்த்திகை மாதம், விடாத மழை. "அப்பாயி செத்ததுலேருந்து அம்மா ஒரு மாதிரி இருக்காங்க மேடம். ஒரு நாள் சாம்பார்ல ரெண்டு தடவை உப்புப் போடறாங்க, மறுநாள் போடறதே இல்லை" என்றாள். அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே, "ஒண்ணும் இல்லீங்க. ரத்தம் கம்மியாம், மாத்திரை குடுத்திருக்காங்க" என்றார்.

ரத்தம் கம்மி என்பது உண்மைதான். ஹீமோகுளோபின் 9.6 இருந்தது, பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே சோகை. தைராய்டும் சர்க்கரையும் சரியாக இருந்தன. சோர்வு, படபடப்பு என்று வருகிறவர்களிடம் இந்த மூன்றையும் பார்க்காமல் மனசைப் பற்றிப் பேச ஆரம்பிப்பதில்லை. சில பேருக்குப் பேச்சே தேவைப்படாமல் போய்விடும். இவருக்கு அப்படிப் போகவில்லை.

இரண்டு மணிக்கொரு விழிப்பு

நான்கு வருஷத்துக்கு முன்னால் மாமியாருக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது. இடது பக்கம் முழுக்க விழுந்து, படுத்த படுக்கை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது ஒரு நர்ஸ் சொல்லியிருக்கிறார்: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு எல்லா இடத்திலும் சொல்கிற விதிதான். ஆனால் அதை வீட்டில் இராப்பகலாக நாலு வருஷம் கடைப்பிடித்தவரை நான் அன்றுதான் பார்த்தேன். முதல் மாதம் செல்போனில் அலாரம் வைத்தாராம். அப்புறம் அலாரம் வேண்டியிருக்கவில்லை.

"நாலு வருஷத்துல ஒரு புண் வரலீங்க. கழுவிப் போட வந்த பொம்பளைங்களே சொன்னாங்க" என்றார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது அப்போது மட்டும்தான்.

புரட்டாசியில் மாமியார் இறந்தார். எண்பதைத் தாண்டிய உயிர், பேரன் பேத்தி எடுத்தாயிற்று. கல்யாணச் சாவு என்று ஊரே சொல்லிவிட்டது. பதினாறு முடிந்ததும் வந்தவர்கள் எல்லாரும், "இனிமேலாவது காலை நீட்டித் தூங்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவருக்கு மட்டும் பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று விழிப்புத் தட்டிக்கொண்டே இருந்தது. எழுந்து உட்காருவார். புரட்ட ஆள் இல்லை என்பது நினைவுக்கு வரும். மறுபடி படுப்பார். சாவு வீட்டில் அழுகை வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை. பசி இல்லை. யாராவது கூப்பிட்டால் எரிச்சல் வருகிறது.

மனச்சோர்வை அளக்க நாங்கள் பயன்படுத்தும் பி.எச்.கியூ-9 ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம். மொத்தம் 27 மதிப்பெண். பத்திலிருந்து பதினாலு வரை நடுத்தரம். அவருக்கு 14 வந்தது. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்பது. "அதெல்லாம் இல்லீங்க. எல்லாரும் ஒரு பத்து நாள் என்னை மறந்துட்டாப் போதும்" என்றார். இந்த மாதிரிப் பதிலை அப்படியே விட்டுவிடக் கூடாது. துருவிக் கேட்டேன், எண்ணமோ திட்டமோ இல்லை. இருந்தாலும் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை மகளின் போனில் போட்டுக் கொடுத்து, மனநல மருத்துவரிடமும் ஒரு தடவை காட்டச் சொன்னேன். அவர் மாத்திரையை உடனே தொடங்க வேண்டாம், பேச்சு சிகிச்சை நடக்கட்டும், மதிப்பெண் ஏறினால் பார்க்கலாம் என்றார்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளச் சொன்னேன். இரவில் விழிக்கும்போதெல்லாம் அதில் ஒரு கோடு. புது நோட்டு வாங்காமல் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்திலேயே போட்டுக்கொண்டு வந்தார். முன்பக்கத்தில் லிட்டர், பின்பக்கத்தில் விழிப்பு. தினமும் நாலு, ஐந்து கோடு.

மூன்றாவது சந்திப்பில்தான் கட்டில் விஷயம் வெளியே வந்தது. மாமியாரின் கட்டில் இன்னும் கூடத்தில் அதே இடத்தில் இருந்தது. அதன் பக்கத்தில் தரையில் பாய் விரித்து, நாலு வருஷமாகப் படுத்த அதே இடத்தில்தான் இவரும் படுத்துக்கொண்டிருந்தார். கட்டிலைக் கொல்லைப்பக்கம் மாற்றலாமே என்று சொல்லி அனுப்பினேன். கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அம்மா கட்டில். வருஷம் திரும்பட்டும்" என்றாராம். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

வேன் பயணம்

தை அமாவாசைக்கு வேதாரண்யம், கோடியக்கரை போய்க் கடலில் முழுகித் திதி கொடுத்துவிட்டு வந்தால் வீட்டுப் பாரம் இறங்கும் என்று யாரோ பெரியவர் சொல்ல, பங்காளிகள் சேர்ந்து வேன் பிடித்தார்கள். பதினாலு பேர். நானும் போய்விட்டு வாருங்கள் என்றேன். வெளிக்காற்று, சொந்தக்காரர்கள், கடல், நல்லதுதானே என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது மதிப்பெண் குறையவில்லை. 12-க்கு இறங்கியிருந்தது மறுபடி 14 ஆகியிருந்தது. என்ன நடந்தது என்று கேட்டேன். விடியற்காலை இரண்டரைக்கு எழுந்து புளிச்சாதமும் தயிர்ச்சாதமும் கிளறி, இரண்டு தூக்கில் அடைத்து, உருளைக்கிழங்கு வறுத்து, போன இடத்தில் எல்லாருக்கும் இலை போட்டுப் பரிமாறி, இரவு பதினொரு மணிக்கு வீடு வந்திருக்கிறார்.

"கடலைப் பார்த்தீங்களா?" என்றேன்.

"பார்த்தேன் மேடம். பாத்திரம் கழுவின எடத்துலேருந்து தெரிஞ்சுது."

அதே பேச்சில் இன்னொன்றும் சொன்னார். கணவர் கடல் பக்கமே வரவில்லையாம்; கோயில் குளத்தில் முழுகிவிட்டு, "இதுவே போதும்" என்று வேனில் போய் உட்கார்ந்துவிட்டாராம். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். எழுதினேனே தவிர, ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

திட்டம்

வேலையிலிருந்து மனசு மீள்வதைப் பற்றி 2007-ல் சபீன் சோனென்டாக்கும் சார்லோட் ஃபிரிட்ஸும் ஒரு ஆய்வில் நாலு விஷயங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: வேலையை மனசிலிருந்து இறக்கி வைப்பது, உடம்பும் மனசும் தளர்வது, புதிதாக ஒன்றில் கை வைப்பது, தன் நேரம் தன் கையில் இருப்பது. இவையெல்லாம் ஆபீஸ் போகிறவர்களை மனசில் வைத்துச் சொன்னவை. வீடே வேலையாக இருக்கிறவள் குடும்பத்தோடு ஊருக்குப் போவது, ஆபீஸையே வேனில் ஏற்றிக்கொண்டு லீவில் போகிற மாதிரி. வேதாரண்யத்தில் நடந்தது அதுதான். ஆகவே இன்னொரு தடவை போகச் சொன்னேன், வேறு மாதிரி.

நாலு பேர் மட்டும். அடுப்பு, தூக்கு, சாதம் எதுவும் கிடையாது. கோயில் பட்டியல் கிடையாது. போன் ராத்திரி ஒரு தடவை. மாட்டைப் பக்கத்து வீட்டில் கூலி கொடுத்து விட்டுவிட வேண்டும். இத்தனையும் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வெளிச்சாப்பாடு அவருக்கு ஒத்துக்காதே?" என்பது. இரண்டாவது, "வருஷம் திரும்பறதுக்குள்ள ஊர் சுத்தக் கெளம்பிட்டாங்கன்னு பேச மாட்டாங்களா?" பேசுவார்கள்தான். டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். ஊர் வாயை அடைக்க இதைவிட நல்ல வாக்கியம் என்னிடம் இல்லை.

இடம் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் யோசித்தோம். வேளாங்கண்ணியில் கூட்டம், போனால் தெரிந்தவர்கள் நாலு பேர் கண்ணில் படுவார்கள். கோடியக்கரை என்றாலே இனி அவருக்குப் பாத்திரம்தான் ஞாபகம் வரும். பூம்புகாரை மகள் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்தாயிற்று. தரங்கம்பாடி என்று முடிவானது. சின்ன ஊர், ஊரின் பழைய நுழைவாயிலுக்குள் நுழைந்தால் ஒரே நேர் வீதி, அதன் கோடியில் கடல். 1620-ல் டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டை கரையிலேயே நிற்கிறது. அதற்கு முன்னூறு வருஷம் முந்திய மாசிலாமணிநாதர் கோயிலை அலை அரித்து அரித்து முன்பக்கத்தைத் தின்றுவிட்டது. பார்க்க வேண்டியதை எல்லாம் ஒரு காலைப்பொழுதில் பார்த்துவிடலாம், மிச்ச நேரத்தில் செய்ய ஒன்றும் இல்லை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

அங்கே ஓசோன் காற்று அதிகம், அதனால் உடம்புக்கு நல்லது என்று ஒரு பேச்சு உண்டு. இந்தக் குடும்பத்துக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள். தரைமட்டத்தில் ஓசோன் இருந்தால் அது நுரையீரலை எரிக்கும், நல்லது செய்யாது. கடல் வாசனை என்று நாம் முகர்வது பெரும்பாலும் பாசிகளிலிருந்து கிளம்பும் ஒரு கந்தகச் சேர்மம். இதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. நம்பிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கிளம்புவது இரண்டு தடவை தள்ளிப்போனது. சம்பா அறுத்து நெல்லை டிபிசிக்கு (அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு) கொண்டுபோய்க் கொட்டியாயிற்று, ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் காட்டியது. மறுபடி காயப்போட்டு, படுதா போட்டு மூடி, கணவரும் மகனும் ராத்திரி காவல் படுத்தார்கள். மூட்டை எடை போட்ட மறுநாள்தான் பேச்சே ஆரம்பித்தது. டெல்டாவில் குடும்பத்தோடு எங்காவது போவதென்றால் மாசியில் ஒரு பத்துப் பதினைந்து நாள் இடைவெளிதான். சம்பா அறுப்புக்கு முன்னால் நெற்பயிருக்குள் தெளித்த உளுந்து வயலில் வளர்ந்துகொண்டிருக்கும். பங்குனியில் அது கூப்பிட்டுவிடும்.

மூன்று நாள்

வெள்ளிக்கிழமை காலை கிளம்பி, திருவாரூர், காரைக்கால் என்று பஸ் மாறி மத்தியானம் போய்ச் சேர்ந்தார்கள். பையைப் பிரித்தபோது புடவைக்கு அடியில் ஒரு டப்பா இட்லிப்பொடி, ஒரு டப்பா முறுக்கு, ஒரு கரண்டி. "கரண்டி எதுக்கும்மா?" என்று மகள் கேட்டதற்கு அவருக்கே பதில் தெரியவில்லை.

சாயங்காலம் நால்வரும் கடலைப் பார்க்கப் போனார்கள். கோட்டைக்கு முன்னால் உள்ள திடல் வரைக்கும் கணவர் வந்தார். அங்கிருந்து, "டீ குடிச்சுட்டு வர்றேன்" என்று திரும்பியவர் வரவே இல்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பையன் போய்ப் பார்த்தால், முக்கில் ஒரு டீக்கடை பெஞ்சில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். ராத்திரி ஏழரைக்கு எனக்குப் போன் வந்தது. "கூட்டிட்டு வந்து எங்களை மணல்ல ஒக்கார வெச்சுட்டு இவரு டீக்கடையிலேயே கெடக்காரு மேடம். இதுக்கு வீட்டுலேயே இருந்திருக்கலாம்." நாலு மாதத்தில் அவர் முதல் தடவையாகக் கோபமாகப் பேசுகிறார். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

போனைக் கணவரிடம் கொடுக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் மட்டும். அப்புறம், "அலைச் சத்தம் ஒத்துக்கலீங்க மேடம்" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "சுனாமிக்கு நாகப்பட்டினம் போனவன் நான்."

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை காலை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். உள்ளே இருக்கிற ஊர்களிலிருந்து அரிசி, துணி, தண்ணீர் என்று வண்டி வண்டியாகப் போனது. போன இளைஞர்கள் பலர் இறக்கிய வண்டியில் பிணம் ஏற்றினார்கள். இவருக்கு அப்போது 30 வயது. ஊர் டிராக்டரில் போய் அக்கரைப்பேட்டையில் நாலு நாள் இருந்திருக்கிறார். மனைவி அப்போது கைக்குழந்தையோடு தாய்வீட்டில். திரும்பி வந்தவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அதற்கப்புறம் கடலை நேருக்கு நேராகப் பார்க்கவும் இல்லை.

என் தவறு எனக்கு அப்போதுதான் உறைத்தது. மனைவியை நாலு தடவை உட்காரவைத்துப் பேசியிருக்கிறேன், இந்த மனிதரிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. இந்தக் கடற்கரையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவரை அலைக்கு முன்னால் உட்காரச் சொல்வதற்கு முன்னால் 2004-ல் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். குளத்தில் முழுகிய கதை கையில் இருந்தும் கேட்கவில்லை.

அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: கடலுக்குப் போகவே வேண்டாம். மனசைத் தைரியப்படுத்திக்கொண்டு போய் நிற்கவும் வேண்டாம், அது வைத்தியம் ஆகாது. அறையை வீதிப் பக்கமாக மாற்றிக்கொள்ளுங்கள். காலையில் திரும்பிவிடலாம் என்று தோன்றினால் திரும்பிவிடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

திரும்பவில்லை. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அம்மாவும் பிள்ளைகளும் கரைக்குப் போய்விட்டார்கள். அறையில் தனியாக இருந்தவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கடைக்குப் போய் இட்லி வாங்கி வைத்திருக்கிறார். அப்புறம் வாளியை எடுத்து நேற்றைய துணி அத்தனையும் துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டிருக்கிறார்.

பிறகு அந்த அம்மா என்னிடம் இதைச் சொன்னபோது கடலைப் பற்றி அவ்வளவாகச் சொல்லவில்லை, கொடியைப் பற்றித்தான் சொன்னார். "அவரு துணி தொவைச்சு நான் பார்த்ததே இல்லீங்க. புழியத் தெரியல. சொட்டச் சொட்டப் போட்டிருந்தாரு. எம் பொடவை ஒரு ஓரமா நெலத்துல இழையுது. நான் ஒண்ணும் சொல்லல. எடுத்து ஒதறிப் போடலாம்னு கை போச்சு. போடல."

அன்று மத்தியானம் சாப்பிட்டுப் படுத்த அந்த அம்மா நாலு மணி நேரம் தூங்கினார். மகள் இரண்டு தடவை மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாளாம். சாயங்காலம் மறுபடி கரை. ஈர மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். அலை வந்து குதிகாலுக்கு அடியில் மணலை உருவிக்கொண்டு போக, பள்ளம் விழ, அடுத்த அலை அதை நிரப்ப, இதையே இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "என்ன நினைச்சீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் நினைக்கல. அத்தைக்குக் காலு வீங்கி இருந்தப்ப விரல வெச்சு அமுக்கினா இப்படித்தான் குழி விழும். அது ஞாபகம் வந்துச்சு. அழுதேன். பாப்பா பார்க்கல." புரட்டாசிக்குப் பிறகு முதல் அழுகை. கடல் மாதிரியான இயற்கைக் காட்சி கவனத்தை இழுக்காமல் லேசாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், களைத்த மூளை அந்த நேரத்தில் இளைப்பாறும் என்று உளவியலாளர்கள் ரேச்சல் கப்லானும் ஸ்டீஃபன் கப்லானும் சொன்னது உண்டு. இருக்கலாம். ஆனால் முந்தின நாள் சாயங்காலமும் இதே கடல்தான் இருந்தது. நடுவே மாறியது, அறையில் துணி துவைபட்டிருந்தது ஒன்றுதான்.

வெள்ளி ராத்திரி நோட்டில் நாலு கோடு. சனி ராத்திரி ஒன்று. அந்த ஒன்றில் எழுந்தபோது கணவர் வெளிப்படியில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவரும் போய் உட்கார்ந்தார். அக்கரைப்பேட்டையைப் பற்றி அவர் பேசினாராம். என்ன பேசினார் என்று இவர் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஞாயிறன்று கோட்டைக்குள் போய்ப் பார்த்தார்கள், மகள் போட்டோ எடுத்தாள், மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். மொத்தச் செலவு 6,000 ரூபாய்க்குள். கரண்டி அப்படியே திரும்பி வந்தது.

வந்த பிறகு

ஒரு வாரம் கழித்து மதிப்பெண் 7. ராத்திரிக்கு ஒன்று அல்லது இரண்டு கோடு. இங்கேயே எழுதி முடித்திருந்தால் நல்ல கதையாக இருந்திருக்கும். விடுமுறையால் கிடைக்கும் நன்மை திரும்பி வந்த சில வாரங்களில் கரைந்துவிடுகிறது என்று 2009-ல் யெசிகா டி ப்ளூமும் கூட்டாளிகளும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். இங்கேயும் அப்படியே. ஐந்தாவது வாரம் உளுந்து அறுப்பு வந்தது. காலையில் ஐந்து மணிக்குப் பால், அப்புறம் சமையல், அப்புறம் வயல், சாயங்காலம் களத்தில் அடித்துப் புடைப்பது. மதிப்பெண் 10. கோடு மூன்று.

இந்தத் தடவை இரண்டு பேரையும் சேர்த்து வரச் சொன்னேன். இன்னொரு தடவை தரங்கம்பாடி போகலாமா என்றுதான் அந்த அம்மா கேட்டார். நான் வேறு ஒன்று கேட்டேன்: அங்கே அவர் செய்த எது இங்கேயும் நடக்க முடியும்? கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "துணி மட்டும் முடியாதுங்க, ஊருக்குள்ள சிரிப்பாங்க" என்றார். சரி, சிரிக்காதது எது? பால் கறப்பது. அதை ஆண்கள் செய்தால் யாரும் சிரிப்பதில்லை. இத்தனை வருஷமும் ஏன் அந்த அம்மாவே செய்தார் என்பது இருவருக்குமே தெரியவில்லை. காலைப் பாலும் சாணியும் கணவர், சாயங்காலப் பால் மகன் என்று ஆனது. அந்த அம்மா எழுந்திருப்பது ஐந்திலிருந்து ஆறேகாலுக்குத் தள்ளிப்போனது.

கட்டிலை நான் மறுபடி எடுக்கவில்லை. சித்திரையில் ஒரு நாள் மகள்தான் சொன்னாள். அப்பாவும் அண்ணனும் சேர்ந்து அதைத் தூக்கிக் கொல்லைத் தாழ்வாரத்தில் போட்டுவிட்டார்களாம். வருஷம் திரும்ப இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அம்மா இப்போது மகளோடு உள் அறையில் படுக்கிறார்.

மூன்று மாத முடிவில் மதிப்பெண் 6, ராத்திரிக்கு ஒரு கோடு, சில நாள் அதுவும் இல்லை. ஹீமோகுளோபின் 11.4. இந்த முன்னேற்றத்தில் இரும்புச்சத்து மாத்திரைக்கு எவ்வளவு பங்கு, பேச்சுக்கு எவ்வளவு, வெறும் காலம் போனதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. ஒரு குடும்பம், ஒப்பிட இன்னொன்று கிடையாது. 14-க்குப் பதில் 20 வந்திருந்தால் நான் கடற்கரை என்ற பேச்சையே எடுத்திருக்க மாட்டேன், மனநல மருத்துவரிடம் மாத்திரைக்குத்தான் அனுப்பியிருப்பேன். இதைப் படித்துவிட்டு யாரும் தீவிர மனச்சோர்வில் இருப்பவரைப் பஸ் ஏற்றிவிட வேண்டாம்.

கணவருக்குத் தனியாக ஒரு கோப்பு திறந்திருக்கிறேன். அதில் இதுவரை பெயரும் வயதும், 'அக்கரைப்பேட்டை, 4 நாள்' என்ற ஒரு வரியும்தான் இருக்கின்றன. எப்போது வருகிறீர்கள் என்று கேட்டேன். மேட்டூரில் தண்ணீர் திறந்து, வாய்க்காலில் வந்து, குறுவைக்கு நாற்று விட்ட பிறகு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.